குமரப்பா சொன்னது வெறும் ‘கிராமத்துக்குத் திரும்பு’தானா?

கரிசல்வாசி கேட்டது:

எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த கூட்டத்துக்குக் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவை எடுத்திருக்கிறோம், அறிமுகம் செய்து பேசும் பொறுப்பு எனக்கு. அவர் பெயரை நான் முதலில் பார்த்ததே பொருளியலாளர் ஷூமாக்கரின் ‘சிறியதே அழகு’ நூலில்தான், பௌத்தப் பொருளியல் பற்றிய அத்தியாயத்தில் குமரப்பாவின் வரிகளை எடுத்துக் காட்டியிருப்பார். தஞ்சாவூரில் பிறந்து, மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டியில் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஒருவரை 1973இல் லண்டனில் வந்த புத்தகம் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

குமரப்பாவின் ‘நிலைத்த பொருளாதாரம்’ நூலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு சந்தேகம். வட்டத்திலேயே ஒரு நண்பர், காந்தியின் ராட்டைக்குப் பொருளாதார விளக்கம் எழுதிக் கொடுத்தவர், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்கிறார். இன்னொருவர், சுற்றுச்சூழல் என்ற பேச்சே உலகத்தில் எழாத காலத்தில் அதைப் பொருளாதாரமாக எழுதியவர் என்கிறார். இரண்டு பேரும் அவரை முழுசாகப் படித்ததாகத் தெரியவில்லை, நானும் இன்னும் படித்து முடிக்கவில்லை. அவரை எந்தப் பக்கத்திலிருந்து பிடித்தால் இன்றைக்கு நமக்கு உறைக்கும்? புகழுரை வேண்டாம். குறை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பேரேடு எழுதியது:

அவர் ஒரு ஆடிட்டர். அதிலிருந்து தொடங்குங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

நானும் கணக்குத் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்லவில்லை, அவர் வாழ்க்கையை அப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது. 1892 ஜனவரி 4இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார், அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துவிட்டு பம்பாயில் தொழில் நடத்தினார். 1920களின் கடைசியில் அமெரிக்கா போய் சிரக்யூஸில் வணிக நிர்வாகம் படித்தார், பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். அங்கே ஒரு தேவாலயத்தில் ‘இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது’ என்று அவர் பேசிய பேச்சு செய்தித்தாளில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன், இதையே ஆய்வாக எழுது என்றார். வரி எங்கிருந்து வருகிறது, எங்கே செலவாகிறது என்று பிரிட்டிஷ் அரசின் கணக்கையே எடுத்து உட்கார்ந்து படித்தபோதுதான் அவருக்கு அந்த ஆட்சியின் மேல் இருந்த மரியாதை போனது. கோபத்தில் தேசியவாதி ஆனவர்கள் நிறைய உண்டு, வரவு செலவுக் கணக்கைப் பார்த்து தேசியவாதி ஆனவர் இவர்.

அந்த ஆய்வை அச்சில் கொண்டுவரலாமா என்று கேட்கத்தான் 1929 மே 9இல் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பட்டுச் சட்டை, பட்டுக் கால்சட்டை, கையில் தடி. நேரம் இருந்ததால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் நூல் நூற்பதைப் பார்த்து தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கிழவரே ‘நீங்கள்தானே குமரப்பா’ என்று கேட்டார். காந்தி என்று புரிந்ததும், கால்சட்டையின் மடிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் அந்தத் தரையிலேயே உட்கார்ந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்தும் வேண்டாம் என்றுவிட்டார். அதே ஆண்டில்தான் கார்னீலியஸை விட்டு, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை வைத்துக்கொண்டார்.

காந்தி அவரிடம் முதலில் ஒப்படைத்த வேலை நூற்பு அல்ல, கணக்கெடுப்பு. குஜராத்தில் கேடா மாவட்டம் மாதர் தாலுகா கிராமங்களில், காந்தி தொடங்கிய குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களோடு வீடு வீடாகப் போய், ஒரு விவசாயக் குடும்பத்துக்கு என்ன வருகிறது, எதற்குப் போகிறது, நிலவரி கட்டிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று எழுதி 1931இல் வெளியிட்டார். பல குடும்பங்களுக்கு நிலத்தில் மிஞ்சுவதே இல்லை என்றால் அரசு எதன்மேல் வரி போடுகிறது என்பதுதான் அதில் இருக்கும் கேள்வி. அதே ஆண்டு, இந்தியாவின் தலையில் ஏற்றப்பட்ட பொதுக்கடனில் எவ்வளவு உண்மையில் பிரிட்டன் தாங்க வேண்டியது என்று ஆராய காங்கிரஸ் அமைத்த குழுவிலும் இருந்தார்.

1934 பீகார் நிலநடுக்க நிவாரணத்தின் கணக்கு அவர் கையில்தான் இருந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று அணா என்று வரம்பு வைத்திருந்தார். காந்தியும் கூட வந்தவர்களும் வந்தபோது பாலும் பழமும் அந்த வரம்புக்குள் அடங்கவில்லை, நிவாரண நிதியிலிருந்து தரமாட்டேன், வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாயிடம் சொல்லிவிட்டார். தான் குருவாக ஏற்றுக்கொண்ட மனிதரிடமே இப்படி நின்றவர் அவர். காந்தியும் அந்த ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கியபோது இவரைத்தான் செயலாளராகப் போட்டார்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், ‘நிலைத்த பொருளாதாரம்’ ஜபல்பூர் சிறையில் எழுதி 1945இல் வந்தது. அதைப் பலர் ஆன்மிக நூலாகவும் கிராமப் புகழ்ச்சியாகவும் படிக்கிறார்கள். அப்படிப் படித்தால் பிடிபடாது. பூமியின் கணக்கை ஒரு தணிக்கையாளர் பார்த்தால் எப்படி இருக்கும், அதுதான் அந்தப் புத்தகம். வருமானத்தில் வாழ்கிறோமா, மூலதனத்தையே எடுத்துத் தின்கிறோமா? எந்தக் கடையையும் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். மனித குலத்தை அப்படிப் பார்த்தவர் அவர்.

செக்கடி எழுதியது:

பேரேடு சொன்னதோடு ஒட்டி நான் கொஞ்சம் சொல்கிறேன், மரச்செக்கு ஆட்டுகிறவன் என்ற முறையில்.

அவர் இயற்கை வளத்தை இரண்டாகப் பிரிப்பார். வெயில், மழை, காற்று, மரம், மாடு, மனித உழைப்பு இதெல்லாம் ஓடிவந்துகொண்டே இருப்பது, அளவோடு எடுத்தால் திரும்பத் திரும்ப வரும். நிலக்கரி, பெட்ரோலியம், தாது இதெல்லாம் தேங்கி இருப்பது, எடுக்க எடுக்கக் குறையும். தேங்கியிருப்பதை நம்பி நாகரிகம் கட்டினால் அது நிலைக்காது என்பதோடு அவர் நிற்கவில்லை, அது சண்டையில் முடியும் என்கிறார். எண்ணெய் இருக்கிற இடத்துக்கு எல்லோரும் படை கொண்டு போவார்கள் அல்லவா, வன்முறையின் வேர் அங்கேதான் என்று காட்டுகிறார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு கைதி எழுதியது இது. ஷூமாக்கர் பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் சுமார் இருபது வருடம் பொருளாதார ஆலோசகராக இருந்தவர், நிலக்கரியோடு அத்தனை காலம் இருந்த மனிதருக்கு குமரப்பா பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இனி செக்குக்கு வருகிறேன். கிராமத்தில் எள்ளோ கடலையோ ஆட்டினால் எண்ணெய் வீட்டுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டுச் சாணி வயலுக்கு, ஆட்டிய கூலி அந்த ஊர்க்காரனுக்கு. விதையை மில்லுக்கு ஏற்றிவிட்டால் எண்ணெய் மட்டும் விலைக்குத் திரும்பி வரும், பிண்ணாக்கு வேறு எங்கோ போகும், வண்டி வாடகை ஒருத்தருக்கு, தரகு ஒருத்தருக்கு. நிலத்திலிருந்து எடுத்த சத்து நிலத்துக்கே திரும்புகிற வட்டம் அறுந்துபோகிறது. பிறகு அந்த ஓட்டையை அடைக்க உரம் வாங்க வேண்டும். எண்ணெய் ருசியில் ஆரம்பித்து மண்ணின் வளத்தில் வந்து முடிக்கும் இந்தக் கணக்கை நான் வேறு எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. எங்கள் செக்கடியில் பிண்ணாக்கு எடுக்க மாட்டுக்காரர்கள் காலையிலேயே சாக்கோடு வந்து நிற்பார்கள், எண்ணெய் வாங்க வருகிறவர்களைவிட அவர்கள்தான் என்றைக்கும் முதலில் வருவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் அந்தக் கிராமத் தொழில்கள் சங்கம் இருந்தது. அதை உபதேச மடம் என்று நினைக்காதீர்கள், ஒரு பட்டறை மாதிரி நடந்தது. எண்ணெய்ச் செக்கைத் திருத்திச் செய்தார்கள், கையால் காகிதம் செய்தார்கள், மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீப்’ என்று ஒரு விளக்கு செய்தார்கள். வெளியிலிருந்து வரும், பூமிக்கடியில் தேங்கியிருக்கும் எண்ணெயை விட்டுவிட்டு ஊரில் விளைவதை எரிப்பது என்று அவர் எழுதிய தத்துவம் அந்த விளக்கில் கைக்கு எட்டும் பொருளாக இருக்கிறது. பனைவெல்லத்துக்கு அவர் கொடுத்த முக்கியத்துவமும் அப்படித்தான். பனை தரிசில் நிற்கும், தண்ணீர் கேட்காது, நல்ல நஞ்சையைக் கரும்புக்குக் கொடுக்காமல் தானியத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது வாதம். தென் மாவட்டக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் கரிசல் என்று பெயர் வைத்திருப்பதால் ஒன்று. உங்கள் கூட்டத்தில் கண்மாயையும் ஆழ்துளைக் கிணற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசிப் பாருங்கள். கண்மாய் தண்ணீர் இந்த வருட மழை, வந்த அளவுக்குத்தான் பாய்ச்ச முடியும், பங்கு போட ஊர் கூட வேண்டும். ஆழ்துளையில் பாறை இடுக்கிலிருந்து வருவது பல தலைமுறையாக இறங்கித் தேங்கியது, ஆழமாகப் போட்டவனுக்குத்தான் கிடைக்கும், பக்கத்து நிலத்துக்காரன் கிணறு வற்றும். குமரப்பா சொன்ன அந்த இரண்டு பொருளாதாரமும் ஒரே ஊரில், ஒரே வயலில் கண்ணுக்குத் தெரியும். தேங்கியதை எடுத்தால் சண்டை வரும் என்று சொன்னதும் சேர்த்து.

வடகரை எழுதியது:

குறையும் சொல்லச் சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன். மேலே எழுதிய இருவரும் மரியாதையோடு எழுதியிருக்கிறார்கள், எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் ‘ஊர்’ என்று சொல்லும்போது எந்த ஊர்? பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, மாடு யாரிடம் இருக்கிறது? சாணி வயலுக்குப் போகிறது, வயல் யாருடையது? அதைச் சுமந்து போடுகிறவர் எந்தத் தெருவில் இருக்கிறார்? கண்மாய்த் தண்ணீரைப் பங்கு போட ஊர் கூடும் என்றீர்களே செக்கடி, அந்தக் கூட்டத்தில் எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்ததே இல்லை.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் நிறைந்த சாக்கடை என்று பேசியதையும் உங்கள் கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் எடுப்பார், எடுக்க வேண்டும். ‘நிலைத்த பொருளாதார’த்தில் குமரப்பா இயற்கையை ஐந்து வகையாகப் பிரிக்கிறார் அல்லவா, ஆட்டை அடித்துத் தின்னும் புலி, தோப்புக்கு எதுவும் செய்யாமல் பழத்தைப் பறித்துப்போகும் குரங்கு, எடுத்ததற்கு ஈடாகப் பூவைக் காய்க்க வைக்கும் தேனீ, தனக்கென்று இல்லாமல் கூட்டுக்காக உழைக்கும் தேனீக் கூட்டம், கடைசியில் கைம்மாறு எதிர்பார்க்காத தாய். அழகான பகுப்பு. மனிதரில் புலியும் குரங்கும் யார் என்றும் சொல்கிறார், பெரும்பாலும் பேரரசுகளும் பெருமுதலாளிகளும். நம் கிராமத்துக்குள்ளேயே புலி உண்டு என்பது அந்த அளவுக்கு விரிவாக வரவில்லை என்பது என் வாசிப்பு. தொழில் பிறப்போடு கட்டப்பட்டிருக்கிற நாட்டில் கைத்தொழிலைப் பெருக்கு என்று மட்டும் சொன்னால், செருப்புத் தைக்கிறவர் மகனுக்கு அது வேறு மாதிரிதான் கேட்கும்.

பேரேடு எழுதியது:

வடகரை எழுப்பியது நியாயமான கேள்வி, அதை மழுப்பக் கூடாது. புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி.

ஆனால் 1949ஐயும் சேர்த்துப் பாருங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது, தலைவர் குமரப்பா. அந்த அறிக்கை நிலத்துக்கும் உழுபவருக்கும் நடுவில் யாரும் இருக்கக் கூடாது என்றது. விதவைகள், சிறுவர்கள், உடல் ஊனமுற்றோர் தவிர வேறு யாரும் குத்தகைக்கு விடக் கூடாது, தொடர்ந்து ஆறு வருடம் உழுதவருக்கு முழு உரிமை, ஒருவர் வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு உச்சவரம்பு. இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. யார் விவசாயி என்பதற்கு அவர்கள் வைத்த வரையறை, குறைந்தபட்சம் கொஞ்சமாவது உடல் உழைப்பைப் போட்டு வயல் வேலையில் நேரடியாக இறங்குகிறவர். பண்ணையார் வரப்பில் குடை பிடித்து நின்று ‘சொந்தச் சாகுபடி’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த வரையறை அப்படியே சட்டமாகி இருந்தால் தஞ்சாவூரின் கதையே வேறு. அது ஆகவில்லை. தமிழ்நாட்டில் உச்சவரம்புச் சட்டம் 1961இல்தான் வந்தது, 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970இல் 15 ஆகக் குறைத்தார்கள், அதற்குள் நிலம் எத்தனை பெயர்களில் பிரிந்தது என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும்.

1951இல் சீனா போய் அங்கே நிலப் பங்கீட்டைப் பார்த்துவிட்டு வந்து பாராட்டிப் பேசினார், காந்தியவாதிகளில் பலருக்கே அது பிடிக்கவில்லை. கல்லுப்பட்டியில் அவர் அறைக்கு வருகிறவர்களிடம் காந்தி படத்தைக் காட்டி ‘இவர் என் குரு’ என்பார், பக்கத்தில் ஒரு ஏழை விவசாயியின் படத்தைக் காட்டி ‘இவர் என் குருவின் குரு’ என்பார். சாதியைப் பற்றி அவர் போதுமான அளவு எழுதவில்லை என்ற குறை இதனால் போய்விடாது. ஆனால் கிராமம் இருந்தபடியே இருக்கட்டும் என்று அவர் சொன்னதாக யாராவது பேசினால் அது தவறு. அவர் கணக்கில் நிலம் கைமாறியே ஆக வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் என்றால் காடு, புலி, பிளாஸ்டிக் என்று மட்டும் பேசுகிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அவருக்கு நிலவுடைமையும் மண்வளமும் ஒரே கேள்வி. அடுத்த வருடம் இந்த வயலில் இருப்போமா என்று தெரியாத குத்தகைக்காரர் எந்த நம்பிக்கையில் தொழு உரம் போட்டு மண்ணைத் தேற்றுவார்?

வடகரை எழுதியது:

ஆறு வருட உரிமையும் உடல் உழைப்பு வரையறையும் எனக்குத் தெரியாது. அறிக்கையைத் தேடிப் படிக்கிறேன். கூலிக்கு மட்டும் போகிற, குத்தகை கூட இல்லாத ஆட்களுக்கு அதில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நான் முதலில் பார்க்கப் போவது. மற்றபடி கடைசியாகச் சொன்ன குத்தகைக்காரர் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை, எங்கள் பக்கம் இன்றைக்கும் வருடக் குத்தகை நிலத்தில் யாரும் எரு அடிப்பதில்லை, யூரியாவோடு சரி.

கரிசல்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கண்மாயையும் ஆழ்துளையையும் வைத்துத் தொடங்கி, 1949 அறிக்கையில் முடிக்கலாம் என்று இருக்கிறேன், நடுவில் வடகரையின் கேள்வியைப் பெயர் சொல்லாமல் அப்படியே வைக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. எங்கள் பக்கம் இப்போது ஏக்கர் கணக்கில் சூரிய மின்பலகை போடுகிறார்கள். வெயில் ஓடும் வளம்தானே, அப்படியானால் குமரப்பா கணக்கில் இது சரியான பக்கத்தில் நிற்கிறதா? இளைஞர்கள் கட்டாயம் கேட்பார்கள். அவர் இயந்திரமே வேண்டாம் என்றவரா?

செக்கடி எழுதியது:

இயந்திரமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ரயில், மின்சாரம் மாதிரிப் பெரிய அளவில்தான் நடத்த முடியும் என்பவற்றை அரசு கையில் வைத்து லாபம் பார்க்காமல் நடத்தட்டும் என்றுதான் எழுதினார். உண்ணுவதும் உடுத்துவதும் போன்ற அன்றாடத் தேவையை மையத்தில் குவிக்காதே என்பதுதான் அவர் நின்ற இடம்.

மின்பலகை பற்றி அவர் இருந்தால் என்ன சொல்வார் என்று நான் அவர் வாயில் வார்த்தை வைக்க மாட்டேன். ஆனால் அவர் கேட்கக் கற்றுக்கொடுத்த கேள்விகளை வைத்துப் பாருங்கள். வெயில் ஓடும் வளம், சரி. பலகைக்குள் இருக்கும் வெள்ளி, செம்பு, அதைச் செய்ய எரித்த நிலக்கரி, அது தேங்கிய வளம். அந்த நிலம் முன்னால் என்னவாக இருந்தது? ஆடு மாடு மேய்ந்த மேய்ச்சல் தரையா, மானாவாரிக் கம்பு விளைந்ததா? மேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன வழி? மின்சாரம் அந்த ஊர் மோட்டாருக்கு வருகிறதா, கம்பியில் ஏறி வேறு எங்கோ போகிறதா? வாடகை யாருக்கு? அவர் புத்தகத்தில் ஒரு லட்சம் பேருக்குச் சமச்சீர் உணவு வேண்டுமானால் எவ்வளவு நிலத்தில் எதை விதைக்க வேண்டும் என்று அட்டவணை போட்டுக் காட்டியிருப்பார், முதலில் சாப்பாட்டுக்கான நிலத்தை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதற்கு வருவார். இன்ன நிலத்தில் இன்ன பயிர் என்று உரிமம் கொடுக்க வேண்டும் என்ற அளவுக்குப் போனவர். அந்த அட்டவணையை நகல் எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டு, உங்கள் ஒன்றியத்தில் அந்தக் கணக்குப்படி எவ்வளவு நிலம் மிஞ்சும் என்று கூட்டத்திலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பரப்பளவு கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் அடங்கலில் இருக்கும்.